அன்னப் படகுக்குக் கிடைத்த பரிசு

அம்மாவுக்கு ஷோல்பனின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அஸ்தானாவில் எனக்கு ஒரு குறையுமில்லை.

ஞாயிறு காலை ஆற்றங்கரைப் பூங்காவில், வாராவாரம் வலசைப் பறவைகள் பார்க்கும் கூட்டத்தோடு நின்றேன். பனிமூட்டத்தில் வெள்ளைக் கழுத்து தெரிந்ததும், "அன்னம் வந்தாச்சு, நல்ல சேதி சொன்னதுக்கு சூயின்ஷிப் பரிசு குடுங்க" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற ஸாபிரா அக்கா உடனே தன் கையுறைகளைக் கழற்றித் தந்தார். பனி விலகியதும் பார்த்தால், கயிறு அறுந்து மிதந்து வந்த அன்னப் படகு.

வெட்கத்தோடு திருப்பி நீட்டினேன். "சூயின்ஷிய யாராவது திருப்பி வாங்குவாங்களாடி? மூணு வாரமா வெறுங்கையோட நடுங்குற, போட்டுக்க" என்றார். கை சூடாக இருக்கிறது, அம்மா.

கையுறையில் ஒரு விரல் மட்டும் நூல் பிரிந்திருக்கிறது. சாம்பல் நிறக் கம்பளி நூல் அனுப்புங்கள். நிஜ அன்னங்கள் குளிருக்கு நம் அக்தாவு கடற்கரைக்குத்தான் வரும். வேலைக்கு நேரமாகிவிட்டது. அன்னத்தைப் பார்த்ததும் போன் செய்து சூயின்ஷி கேளுங்கள். படகாக இருந்தாலும் பரவாயில்லை.