ரூபி சிரிக்கும் ரீல்

ஏப்ரல் 23, புதன்

இன்றும் ஈ ஓட்டினோம். ஏரியில் படகுக்குக் கியூ நிற்கிறது, ஒண்டிக்கடை முக்கில் வண்டி நிறுத்த இடமில்லை, என் ஸ்பாவுக்கு மட்டும் ஒரு பெண்பிள்ளைகூட வரவில்லை. வருகிறவர்களைப் பெரிய ரிசார்ட்டுகள் தங்கள் கேட்டுக்குள்ளேயே வைத்து மசாஜ் செய்து அனுப்பிவிடுகின்றன. இந்த சீசனும் இப்படியே போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

"ஒரு ரீல் போடுவோமுங்க்கா, நானே நடிக்கிறேன்" என்றாள் ரூபி. என்னிடம் வேலை பார்ப்பது அவள் ஒருத்திதான். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். பையன் மாரமங்கலத்து எல்வின், சேலத்தில் பைக் பட்டறையில் இருக்கிறான். இவள் முகத்தில் இப்போதே கல்யாணக் களை வந்துவிட்டது.

ஏப்ரல் 25, வெள்ளி

எடுத்தாகிவிட்டது. என் நாத்தனார் குப்புறப் படுத்துக்கொண்டாள், ரூபி தோளில் எண்ணெய் தேய்த்தாள். நடுவில் அந்த மகராசி நிஜமாகவே குறட்டை விட, ரூபி கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். வெட்ட மனசு வரவில்லை. அப்படியே போட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பூசையில் ரூபிக்கும் எல்வினுக்கும் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஃபாதர் கேட்டபோது, பக்கத்தில் இருந்த ரூபி என் கையைக் கிள்ளினாள். இன்னும் இரண்டு ஞாயிறு வாசித்தால் தாலிதான்.

ரீலைச் சொந்தக்காரர்களைத் தவிர யாரும் பார்க்கவில்லை. பணம் கட்டி விளம்பரமாக விட்டேன். யாருக்குக் காட்டட்டும் என்று ஆப் கேட்டது. ஆண்கள், சேலம் என்று கொடுத்தேன். நம் ஸ்பா பெண்களுக்கு மட்டும்தான். ஆனால் காரை எடுத்து மலைக்குக் கூட்டி வருகிறவன் புருஷன்தானே? 'பெண்களுக்கு மட்டும்' என்று இருந்தால் அவன் பார்க்காமலே தள்ளிவிடுவான். அதனால் அதை எழுதவில்லை. எனக்கும் மூளை இருக்கிறது!

ஏப்ரல் 30, புதன்

காலையிலிருந்து போன் ஓயவில்லை. ஆசையாக எடுத்தால் — சீ! "அந்தச் சிரிக்கிற பொண்ணு ஃப்ரீயா?" என்கிறான் ஒருத்தன். இன்னொருத்தன் கேட்டதை இங்கே எழுதமாட்டேன். அவள் சிரிப்புக்குக் கீழே வந்த கமெண்டுகளைப் பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை. இவனுகளுக்கெல்லாம் ஊட்ல அக்கா தங்கச்சியே இல்லையா?

ரீலை எடுத்துவிட்டேன். போன் ரிப்பேர் என்று ரூபியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மே 4, ஞாயிறு

இரண்டாம் ஓலை. எல்வின் வீட்டிலிருந்து ஒருத்தரும் பூசைக்கு வரவில்லை. மாரமங்கலத்து பஸ் லேட்டாக இருக்கும் என்றாள் ரூபி. இருக்கட்டும் — பஸ்தான் லேட்டாக இருக்கட்டும், மாதாவே.

மே 6, செவ்வாய்

நான் அழித்தால் அழிந்துவிடுமா? எவனோ அதை இறக்கி, ஒரு கேடுகெட்ட பாட்டைச் சேர்த்து, வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டிருக்கிறான். எல்வினின் பட்டறைக்கே வந்துவிட்டது.

மதியம் எல்வின் வந்தான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"பொம்பளைங்களுக்கு மட்டுந்தான் பண்றீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க்கா. அது அந்த வீடியோவுல எங்கீங்க இருக்குது?"

நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டேன். அவன் உட்காரவில்லை.

"என்னைப் பாத்தாலே அந்தப் பாட்டைப் போடுறானுங்க. எத்தனை பேருகிட்டப் போயி விளக்கஞ் சொல்லட்டுங்க?" அழுதுவிட்டான் பையன்.

ரூபி உள்ளே துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். அவள் வெளியே வரவே இல்லை.

மே 8, வியாழன்

மாரமங்கலம் போனேன். தப்பு முழுக்க என்னுடையது, பெண் தங்கம் என்று எல்வினின் அம்மாவிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன்.

"அந்தப் புள்ளையக் குத்தஞ் சொல்லலைங்க. நொம்ப நல்ல புள்ளைதான். ஆனா ஊரே பாத்துருச்சுங்களே" என்றார். சண்டை போட்டிருந்தாலாவது நானும் பேசியிருப்பேன். காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

மே 11, ஞாயிறு

வேறு இரண்டு ஜோடிகளுக்கு ஓலை வாசித்தார்கள். இவர்களுக்கு இல்லை. ரூபி கோயிலுக்கு வரவில்லை. அவள் அம்மா தெரசம்மாள் மட்டும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பூசை முடியும்வரை உட்கார்ந்திருந்தார். போய்ப் பேச எனக்குத் தைரியம் இல்லை.

மே 14, புதன்

ரூபி யூனிஃபார்மைத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். திருப்பூரில் சித்தி வீட்டில் தங்கி பனியன் கம்பெனிக்குப் போகப்போகிறாளாம்.

"ஏனுங்க்கா, ஆம்பளைங்களுக்குக் காட்டச் சொல்லி நீங்களேதான் போட்டீங்களா?"

"ஆமா கண்ணு."

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேண்டாம்னிருப்பேனுங்க்கா."

அவ்வளவுதான் கேட்டாள். திட்டியிருக்கலாம்டி. செருப்பக் கழட்டி ரெண்டு போட்டிருக்கலாம். ஏன்டி இப்படிப் பேசாமப் போன?

மே 21, புதன்

இன்று அவள் கல்யாணம் நடந்திருக்க வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

இப்போது நானே மசாஜ் செய்கிறேன். தோள்பட்டை விட்டுப்போகிறது.

சேலத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். கணவர் ஏரிக்கரையில் காத்திருந்தார். கழுத்தில் எண்ணெய் வைத்ததும் அந்த அம்மா பேச ஆரம்பித்தார். "எங்க ஊட்டுக்காரருதானுங்க ஏப்ரல்லயே உங்க விளம்பரத்தப் பாத்துட்டு, ஒருக்கா போயிட்டு வா, உனக்குக் கழுத்து வலிக்குதேன்னாரு. அதுல ஒரு புள்ள சிரிக்குமே, எம் மகளாட்டவே இருந்துச்சு. எங்கீங்க அதைக் காணோம்?"

"அவளுக்குக் கல்யாணமாயிருச்சுங்க" என்றேன்.

"அப்படிங்களா! நல்லா இருக்கட்டுங்க" என்றார்.