யசிந்தா விட்டுப்போன இரும்பு

கோப்பாய்
12.02.1992

அன்புத் தங்கை சிஸ்டர் யசிந்தாவுக்கு,

நான் சுகம். இடது கையில் மூன்று கொப்புளம். அதையும் சுகத்தில் சேர்ப்பதா என்று நீயே சொல்லு.

உங்கள் மடத்து மூத்த சிஸ்டருக்குச் சுகமில்லை என்று நீ கொழும்புக்குப் போகிற அன்று, "இரண்டு கிழமைதான் அக்கா, நான் வருமட்டும் கோயிலுக்கு நற்கருணை அப்பம் சுட்டுக் குடுங்கோ" என்று அந்த இரும்பு அச்சை என் கையில் தந்தாய். எட்டு மாதமாகிறது. உங்கள் மடத்தில் கலண்டர் இல்லையா?

சனிக்கிழமை தோறும் சிரட்டைக்கரி மூட்டி, மாவைக் கரைத்து, அந்தக் கனத்த இரும்புக்குள் ஊற்றி நெரித்து, வட்டம் வட்டமாக வெட்டுகிறேன். நூற்றைம்பது. பாதி கருகிவிடும். பக்கத்து வீட்டு லூர்த்தம்மா வந்து ஓரத்துண்டுகளைத் தின்றுகொண்டே, "யசிந்தா சுட்டால் வெள்ளை வெளேரெண்டு இருக்கும்" என்கிறாள்.

நித்தியத்துக்காகச் செய்கிற வேலையில்தான் உண்மையான சந்தோஷம் என்று எழுதியிருந்தாய். நான் சுடுகிறது நாக்கில் வைத்ததும் கரைந்துவிடுகிறது. இதில் எது நித்தியம்? அந்தச் சந்தோஷம் எந்தத் தபாலில் வருகிறது?

கனடாவில் மகள் எனக்கு விசா அலுவல் எல்லாம் பார்த்து முடித்துவிட்டாள். நீ வந்து இரும்பை வாங்கினால் நான் புறப்படுவேன்.

அக்கா
அற்புதராணி


கொழும்பு
20.03.1992

அன்பின் அக்கா,

உங்கள் கடிதம் வந்துசேர ஐந்து கிழமை. வாசித்துச் சிரித்தேன், பிறகு வெட்கப்பட்டேன். எங்கள் மூத்த சிஸ்டர் இன்னும் படுக்கையில்தான். அவரை விட்டு வர எனக்கு அனுமதி இல்லை.

சந்தோஷம் வந்ததா என்று பார்த்துக்கொண்டே வேலை செய்தால் அது வராது அக்கா. யாருக்காகச் சுடுகிறீர்கள் என்று மட்டும் நினையுங்கள். கொப்புளத்துக்குத் தேங்காயெண்ணெய் பூசுங்கள்.

யசிந்தா


கோப்பாய்
07.05.1992

சிஸ்டருக்கு,

தேங்காயெண்ணெய் இங்கே விளக்குக்கே காணாது.

ஒரு பெரிய பிழை விட்டுவிட்டேன். கூட்டுறவுச் சங்கக்கடைக்குக் கோதுமை மா வரவில்லை. என்னிடம் இருந்ததும் கொஞ்சம்தான். ஞாயிறு நமக்காகக் காத்திருக்குமா? பாதிக்குப் பாதி அரிசிமா கலந்து சுட்டேன். அரிசியும் ஆண்டவர் படைத்ததுதானே என்று நினைத்தேன். நல்ல வெள்ளையாக வந்தது, லூர்த்தம்மாவே மெச்சினாள். மூன்று ஞாயிறு இப்படியே போனது. பிறகு எங்கள் பங்குச் சுவாமியிடம் நானே பெருமையாகச் சொன்னேன். அவருடைய முகம் மாறிவிட்டது.

"கோதுமை மட்டும்தான் இருக்கவேணும், அற்புதம். இந்த மூண்டு ஞாயிறும் நான் வைச்சது பூசையே இல்லை" என்றார்.

அதில் ஒன்று, ஷெல் விழுந்து செத்த தேவராசாவின் முப்பத்தோராம் நாள் பூசை. அவனுடைய தாய் எல்லாருக்கும் முதலில் வந்து அந்த அப்பத்தை நன்மையாக வாங்கினாள். சுவாமி எல்லாப் பூசையையும் திரும்ப வைக்கப்போகிறார். என்னை ஏசவில்லை. "நீர் களைச்சுப் போனீர். இனிக் கோயில் வேலை பாக்கிற செபநாயகத்தார் சுடட்டும்" என்று இரும்பை வாங்கிக்கொண்டார்.

இத்தனை மாதமாக நான் கேட்டது அதுதானே. வீட்டுக்கு வந்து அடுப்படியில் இருந்து அழுதேன். ஏன் அழுதேன் என்று விளங்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

அற்புதராணி


கொழும்பு
10.06.1992

அன்பின் அக்கா,

பிழை என்னுடையது. சுடச் சொன்னேன், எந்த மாவில் என்று சொல்லவில்லை. ஆண்டவர் அந்தத் தாயை வெறுமையாக அனுப்பியிருக்கமாட்டார்.

மூத்த சிஸ்டர் போன கிழமை இறைவனடி சேர்ந்தார். ஆவணியில் நான் வருகிறேன். இரும்பை நான் பொறுப்பெடுப்பேன். நீங்கள் நிம்மதியாக மகளிடம் போகலாம்.

யசிந்தா


கோப்பாய்
18.07.1992

அன்புத் தங்கை யசிந்தாவுக்கு,

செபநாயகத்தார் சுட்ட அப்பத்தைப் பார்த்திருந்தால் நீயும் வாய்விட்டு ஏசியிருப்பாய். ஒரு பக்கம் பச்சை, மறு பக்கம் கரி.

அவர் சுட்டதைச் சனம் வரிசையில் நின்று வாங்கும்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. வட்டம் வெட்டும்போது நான் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளை நினைப்பேன். இது இரத்தினம்மாவுக்கு, இது தேவராசாவின் தாய்க்கு என்று. ஷெல்லடிக்குள் யார் வருவார், யார் வரமாட்டார் என்று தெரியாது, ஆனாலும் வெட்டுவேன். அதைச் செபம் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. புறுபுறுத்துக்கொண்டே நான் சந்தோஷமாக இருந்திருக்கிறேன். அது எனக்கே தெரியாமல் போனதை நினைத்தால் கோபம் வருகிறது.

தேவராசாவின் தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ வேணுமெண்டே செய்தனி? போய்ச் சுடு" என்றாள். அங்கிருந்து நேரே சுவாமியிடம் போனேன். "கோதுமை காணாட்டி இருக்கிற அப்பத்தை நூறாய்க் கிள்ளுவன், அரிசிமாவைத் தொடமாட்டன்" என்று சொல்லி இரும்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வரவில்லை என்று மகளுக்கு எழுதிவிட்டேன். அவளுக்கு இதை விளங்கவைக்க எனக்குத் தெரியாது. நீ எழுது.

நீ வா. வரும்போது கோதுமை மா கொண்டு வா. சனிக்கிழமைகளில் மட்டும் என் அடுப்படிக்கு வராதே. "நான் அப்பவே சொன்னனான்" என்று உன் முகம் சொல்லும், அதை என்னால் பொறுக்க இயலாது.

உன் அக்கா
அற்புதராணி