ஒட்டாத வெள்ளி

பதிவு 1. பூமி நேரம் 09:10

நிலவின் தென்முனைத் தளம். எழுதுவது இசக்கியம்மாள், உலோகப் பொறியாளர். என்னோடு இருப்பது ஊர்தி ஓட்டுநர் சந்தியாகு பர்னாந்து மட்டும்.

இன்றைய வேலை: ஊர்தியின் கேபினுக்குப் புதிய சூடேற்றிப் பலகை. பிளாஸ்டிக் படலத்தில் வெள்ளி மையால் கோடுகள் அச்சிட்டேன். மையில் இருப்பவை கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள். ஒன்றோடொன்று கட்டிக்கொள்ளாமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் மெழுகு போன்ற உறை உண்டு. சூளையில் உறை ஆவியாகிவிடும். வெள்ளி உருகாமலே துகள்கள் தொட்ட இடத்தில் ஒட்டி ஒரே கம்பியாகும். நூற்றைம்பது டிகிரி, அரை மணி நேரம். முடிந்தது. கோடுகள் பளபளவென்று இருக்கின்றன.

மின்தடையை அளந்தேன். இருக்க வேண்டியதைப்போல எட்டு மடங்கு. இந்தப் பலகை சூடாகாது.

பதிவு 2. 13:35

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தேன். துகள்கள் சரியாக ஒட்டவில்லை. உறை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. இது நான் கேட்ட மை அல்ல. உறை தடிமனானது, இருநூற்றிருபது டிகிரியாவது வேண்டும். நூற்றெண்பதிலேயே படலம் சுருண்டுவிடுகிறது. பூமியிலுள்ள தரைக் கட்டுப்பாட்டு மேலாளர் சேஷகிரியிடம் கேட்டேன்.

"சப்ளையரை மாத்தினோம் மேடம். ரெண்டும் ஒண்ணுதான். உங்க சூளையைச் செக் பண்ணுங்க."

சூளை சரியாக இருக்கிறது. கோடுகளின் வழியே கூடுதல் மின்னழுத்தம் செலுத்தினால் வெள்ளி உள்ளிருந்தே சூடாகி ஒட்டும், படலம் லேசாகக் கருகுவதோடு சரி, அரை நாள் கொடுங்கள் என்றேன்.

"நாளைக்குப் பள்ளத்துல பனியைத் தோண்டுற துளைப்பானோட நேரலை. உலகமே பார்க்கப்போகுது. சோதனைக்கெல்லாம் நேரமில்லை. மின்தடை வரம்பை இங்கேயே உயர்த்திட்டோம். இப்ப உங்க பலகை பாஸ்."

வரம்பை உயர்த்தினால் வெள்ளி ஒட்டிக்கொள்ளுமா? காகிதத்தில் பாஸ் போட்டால் குளிர் போய்விடுமா? கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். தேவையில்லை என்றார்கள்.

பதிவு 3. மறுநாள், 08:20

என்னை விட்டுவிட்டு, துளைப்பானுக்குப் போகும்படி சந்தியாகுவுக்கு நேரடியாக உத்தரவு கொடுத்தார்கள். அவன் அந்தப் பலகையையே ஊர்தியில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். துளைப்பான் பதினெட்டு கிலோமீட்டர் தூரத்தில், வெயிலே படாத பள்ளத்துக்குள். அங்கே பூஜ்யத்துக்குக் கீழே இருநூறு டிகிரி உறைகுளிர். நான் கத்தியதற்கு வானொலியில் சிரித்தான்.

"மாட்டேன்னா அடுத்த தடவை வேற ஆள அனுப்பிருவாங்கக்கா. சட்டுனு போயிட்டு வந்திருதேன்."

பதிவு 4. 11:50

ஊர்தியின் சக்கரங்கள் புழுதியில் புதைந்துவிட்டன. கேபின் உறைகிறது.

"யக்கா, சூடேத்தி பேருக்குத்தான் இருக்கு. வெரலு மடங்க மாட்டேங்கு."

தரையிடம் வழி கேட்டேன். "ஆலோசித்துக்கொண்டிருக்கிறோம்" என்று பதில். ஆலோசியுங்கள். நன்றாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு ஆலோசியுங்கள்.

ஒரே வழிதான் இருக்கிறது. நேற்று வேண்டாம் என்றார்களே, அதுதான். ஊர்தி மின்கலத்தின் அழுத்தம் போதாது. அவன் உடையின் மின்கலத்தைக் கழற்றித் தொடராக இணைக்க வேண்டும். இணைத்தால் உடையின் காற்று விசிறி நின்றுவிடும்.

"உறை கருகி புகை வரும் சந்தியாகு. ஹெல்மெட்டை மூடிக்கோ."

"ஃபேன் இல்லாம மூடுனா மூச்சு முட்டிரும்லாக்கா. தொறந்தே வச்சிக்கிடுதேன். நீங்க சொல்லுங்க, எந்த வயரு?"

சொன்னேன்.

பதிவு 5. 12:25

என் திரையில் ஊர்தியின் அளவீடு: மின்தடை இறங்குகிறது. எட்டு மடங்கிலிருந்து ஐந்து. மூன்று. துகள்கள் ஒட்டுகின்றன.

"மெழுகுவத்தி அணைச்ச நாத்தம் அடிக்கிக்கா. கண்ணு எரியுது. ஆனா கை வச்சா சுடுது! சுடுதுக்கா!" இருமல். "நிறுத்தவா?"

பாதியில் நிறுத்தினால் இரண்டு கோடுகள்தான் தேறும். போதாது. கொஞ்சம் பொறு என்றேன். இருமிக்கொண்டே "சரிக்கா" என்றான்.

பதிவு 6. 13:05

மின்தடை சரியாக வடிவமைத்த அளவு. கேபின் இருபத்திரண்டு டிகிரி. எல்லா எண்களும் பச்சை.

சந்தியாகு பேசவில்லை.

தரையிலிருந்து:

"சூப்பர் மேடம்! பலகை பழைய வரம்புக்குள்ளேயே வந்துடுச்சு. ஏற்கப்பட்டதா பதிவு பண்ணிட்டோம். நேரலைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, அவரைத் துளைப்பான் பக்கத்துல நிக்கச் சொல்லுங்க."

சந்தியாகு பதில் சொல்லவில்லை என்றேன். மூன்று முறை சொன்னேன். "சிக்னல் பிரச்சினையா இருக்கும்" என்றார்கள். அவனுடைய இருமல் தெளிவாகக் கேட்டது, பாவிகளா. அது நிற்பதும் தெளிவாகக் கேட்டது.

பதிவு 7. 13:30

இதைக் கண்டெடுப்பவருக்கு: மைப் புட்டிகளை மேசையில் வைத்திருக்கிறேன். இங்கிருக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பாருங்கள். உறை தெரியும். சேஷகிரி சொல்வதை நம்பாதீர்கள்.

வேறு ஊர்தி கிடையாது. நடக்கப்போகிறேன். என் உடையில் இருக்கும் காற்று போவதற்குப் போதும். திரும்பி வரப் போதாது. தரை "தளத்தை விட்டு நகரக் கூடாது, இது உத்தரவு" என்று ஓயாமல் கத்துகிறது. ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

மயங்கித்தான் இருப்பான். புகை இதற்குள் கேபின் வடிகட்டியில் போயிருக்கும். அங்கே இப்போது நல்ல சூடு இருக்கிறது. போய்க் கதவைத் தட்டினால் அவன் திறப்பான்.