ஹாமிதின் முதல் எழுத்து

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. உனக்கும் மருமகளுக்கும் பேரனுக்கும் ஸலாம். நீங்கள் மூவரும் சுகமா என்று இவ்வளவு பதறிப்போய் நான் கேட்டதே இல்லை. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் இன்னும் அடங்கவில்லை. நேற்றுக் கடையில் டாக்டர் கோட்டுகளுக்குப் பெயர் போட்டு முடித்த கையோடு, பேரனுக்கும் ஒரு சட்டை தைத்து, தொட்டிலுக்கு மேல் நீ ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அவன் அரபிப் பெயரைப் போட்டோவில் பார்த்து அப்படியே நீல நூலில் எம்பிராய்டரி போட்டேன். மாடி வீட்டு நர்ஸம்மா அரபு நாட்டில் வேலை பார்த்தவர் அல்லவா, அவரிடம் பெருமையாகக் காட்டினேன். வாங்கிப் பார்த்தவர் முகமே செத்துப்போனது. "அண்ணே, இதை யார் எழுதிக் குடுத்தா?" என்றார். அரபியில் ஹ இரண்டாம். தொண்டைக்குள்ளிருந்து வரும் ஹ போட்டால் ஹாமித், இறைவனைப் புகழ்பவன். வெறும் மூச்சாய் வரும் ஹ போட்டால், "உசுரில்லாம கிடக்கிறதுன்னு ஆயிடும்ணே" என்றார். நான் போட்டிருந்தது அந்த ஹ.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. குறைமாதத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டியில் கிடந்து, இப்போதுதான் வீட்டுக்கு வந்த பிள்ளை, அவன் தலைக்கு மேல் இப்படி ஒரு வார்த்தையா? உனக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. "ஏன் எடுக்க மாட்டேங்கிறான், ஏங்க எடுக்க மாட்டேங்கிறான்" என்று அம்மா என் தோளைப் பிடித்து உலுக்குகிறாள். கடைசியில் மருமகள் எடுத்தாள், அவள் ஹலோ சொல்வதற்குள் பின்னால் வீடே இடிகிற மாதிரி அழுகை. "பசி மாமா, ஒரு நிமிஷம்" என்றாள். "அழட்டும்மா, போனை அவன் வாய்கிட்ட வை" என்றேன். நாங்கள் இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு அவன் அழுகையைக் கேட்டோம். ஏன் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

தமிழில் ஹாமித் என்று எழுது, ஹாமிது என்று எழுது, ஆங்கிலத்தில் உன் மாமனார் இஷ்டத்துக்கு இரண்டு ஏ போடட்டும், ஹமீத் என்று நீட்டினாலும் புகழுக்குரியவன் என்றுதான் அர்த்தமாம். அரபியில் மட்டும் விளையாடாதே. போனில் தட்டினால் வருவதையெல்லாம் நம்பாமல், தெரிந்தவரிடம் கேட்டு எழுது. அந்த அட்டையை இப்போதே கிழித்துப் போடு. மருமகளிடம் பக்குவமாகச் சொல், பயமுறுத்தாதே. நர்ஸம்மாவிடம் அந்தத் தொண்டை ஹ-வைப் படித்துக்கொண்டிருக்கிறோம், அம்மா போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீரோடு ஓடி வந்துவிட்டார்.

அல்லாஹ் உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். போன் அடித்தால் எடுடா.

என்றும் உன் நினைவாக,
அப்பா