மூட்டை தூக்கிய விண்ணப்பதாரர்

அண்ணே,

இன்று காலை சான்ட்ரிங்ஹாமில் இருக்கும் என் மளிகைக் கடையில் பருப்பு அலமாரியை நகர்த்தினேன். பின்னாலிருந்து உங்கள் புத்தகம் விழுந்தது. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசனும் பாராளுமன்றமும் அடித்துக்கொண்ட உள்நாட்டுப் போரில் கைகால் போன சிப்பாய்கள், பென்ஷன் கேட்டு எழுதிய மனுக்கள். அட்டையில் நீங்கள் சிந்திய தேநீர்க்கறை.

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக்காரரான உங்களுக்கு இது எதற்கு என்று கேட்டிருக்கிறேன். "எங்கட சண்டையில கால் போனவன் ஆரிட்டப் போய் மனு குடுக்கிறது? அதான் மற்றவன்ர கதையைப் படிக்கிறன்" என்றீர்கள்.

நீங்கள் அதைப் படித்துக்கொண்டிருந்த வருடம்தான் பென்ரோஸ் மொத்த வியாபாரக் கிடங்கில் அரிசி மூட்டைகள் சரிந்து என் தோளில் தசைநார் கிழிந்தது. அரசாங்கத்தின் விபத்து உதவித்தொகை வந்தால் ஆள் வைத்துக் கடையை ஓட்டலாம். வராவிட்டால் பூட்டுதான்.

என் விண்ணப்பத்தை விசாரிக்க அந்த அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் கடைக்கே வந்தார். "தோள் எப்படி இருக்கிறது?" என்றார். வியாபாரி வாயில் 'முடியவில்லை' என்று வருமா? "நோ ப்ராப்ளம்" என்றேன். அதோடு விட்டேனா? வந்தவரை வெறுங்கையோடு அனுப்பலாகாது என்று, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பாஸ்மதி மூட்டையைத் தூக்கிப்போய் அவர் காரில் வைத்தேன். வாங்கக்கூடாது என்று மறுத்துவிட்டார். திரும்பவும் நானே தூக்கி வந்தேன்.

பத்து நாளில் மறுப்புக் கடிதம் வந்தது. படித்துவிட்டு நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள்.

"ஐசே, அந்தக் காலத்தில கால் போனவன் நீதவானுக்கு முன்னால நொண்டிக்கொண்டுதான் போனவன். நீர் டான்ஸ் ஆடிக் காட்டியிருக்கிறீர்!"

"அதுக்காக நான் பிச்சையா எடுக்கணும்?"

"பிச்சை இல்லை. பட்டதைப் பட்டதெண்டு சொல்லுறது. இப்ப உமக்குச் சட்டை ஆர் போட்டுவிடுறது?"

"...வீட்டுக்காரி."

"அதை மேல்முறையீட்டில எழுதும்."

"கூச்சமா இருக்கு அண்ணே."

"இந்தப் புத்தகத்தில ஒருத்தன் தன்ர தலையில இருந்து எலும்புத்துண்டு எடுத்ததையே எழுதியிருக்கிறான். உமக்குச் சட்டைக்கு வெட்கமோ?"

தலைமுடி சீவ முடியாதது, குளியலறைச் சங்கதி உட்பட எல்லாம் எழுத வைத்தீர்கள். 'மேன்மை தங்கிய சமூகத்துக்கு, ஏழை மனுதாரன்' என்று அந்தப் பழைய மனுக்களின் பாணியில் நீங்கள் சேர்த்த தொடக்கத்தை மட்டும் நான் அடித்துவிட்டேன். மேல்முறையீடு ஜெயித்தது. கடை தப்பியது.

இத்தனை சொல்லிக்கொடுத்த மனிதர் கடைசியில் என்ன செய்தீர்கள்? ஆஸ்பத்திரியில் நர்ஸ், "நெஞ்சுவலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்க, "இரண்டு" என்றீர்கள். கட்டில் கம்பியைப் பிடித்திருந்த உங்கள் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. 'பொய் சொல்கிறார்' என்று நான் அங்கேயே போட்டு உடைத்திருக்க வேண்டும். மூத்தவரை நாலு பேர் முன்னால் மறுத்துப் பேசுவதா என்று வாயை மூடிக்கொண்டேன். அன்று மாலையே போய்விட்டீர்கள்.

இப்போதெல்லாம் யார் "ஹவ் ஆர் யூ" என்று கேட்டாலும் தோள், முட்டி, தூக்கம் என்று ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன். பால் இறக்க வரும் லாரிக்காரர் பாவம், இப்போது "குட் மார்னிங்" மட்டும்தான் சொல்கிறார்.