கோச்சின் கல்யாணக் கோட்டு

அப்பா,

நான் மைதானத்துக்கு முன்னாலேயே போகிறேன். சாப்பாடு அடுப்பில் மூடியிருக்கிறது. உங்கள் கல்யாணக் கோட்டை இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டியிருக்கிறேன். அதைத்தான் போட வேண்டும். பட்டன் போட வேண்டாம், தொப்பை விடாது.

"கோச்சும் டீம்ல ஒருத்தன்தானே, ஜெர்சி போட்டா என்ன?" என்று மறுபடி ஆரம்பிக்காதீர்கள். போன வாரம் எங்கள் ஜெர்சியில் மைதான ஓரத்தில் நின்றீர்கள். நம் ஆள் என்று நினைத்து உங்களுக்குப் பந்தைத் தள்ளினேன். நீங்களும் திருப்பித் தள்ளினீர்கள். பந்து வெளியே போனதால் எதிர் டீமுக்கு த்ரோ. அதில் கோல் விழுந்தது, தோற்றோம்.

"இனிமே கிரவுண்டு பக்கம் வராதீங்க" என்று நான் கத்தியது கோபத்தில். நீங்கள் வராவிட்டால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

பி.கு.: அன்று எனக்கு வந்த ஒரே உருப்படியான பாஸ் உங்களுடையதுதான்.