இரசேமாவின் செத்தவீட்டிலை பாட்டு

இஞ்சருங்கோ,

பக்கத்து அப்பாட்மென்ற் பிரேசில்காரி இரசேமா செத்துப்போனா. சொந்தமாப் பாட்டுக் கட்டிப் பாடினவ. அங்கை ஆமி ஆட்சி அவவின்ரை பாட்டுகளைத் தடைசெய்ய, ரொறன்ரோவுக்கு ஓடிவந்து கலியாண வீடுகளிலை பாடிச் சீவிச்சவ. எல்லாம் லிஃப்றிலை கதைச்சு அறிஞ்சது.

நான் எங்கடை வழக்கப்படி வாசலிலையே ஒப்பாரி வைச்சுக்கொண்டு போய் அவவின்ரை மகளைக் கட்டிப்பிடிச்சன். பிறகுதான் கண்டன், அவளின்ரை கையிலை கிற்றார். சனமெல்லாம் கைதட்டித் தாயின்ரை பாட்டைப் பாடிக்கொண்டு நிண்டிருக்குதுகள். என்னாலை எல்லாம் நிண்டுபோச்சு.

வாயை மூடப் பாத்தன், முடியேல்லை. அந்தச் சேதியோடை உங்கடை ரெலிபோன் வந்த அண்டைக்கும் நான் அழாமல் வேலைக்குப் போனனான், தெரியுந்தானே.

அவள் என்ரை முகத்தை நிமித்திப் பாத்தாள். "அம்மாவோடை நீங்கள் லிஃப்றிலை மட்டுந்தானே கதைக்கிறனீங்கள். ஆருக்கு அழுறியள்?"

ஊரிலை செத்துப்போன என்ரை மகனுக்கு எண்டன்.

"அவருக்கு என்ன பாட்டுப் பிடிக்கும்? அதையும் பாடுவம்" எண்டாள்.

அவனை உங்களோடை விட்டிட்டு நான் ஊரிலையிருந்து வெளிக்கிடேக்கை அவன் சின்னப் பெடியன். வளந்தாப்பிறகு என்ன பாடித் திரிஞ்சவன் எண்டு எனக்குத் தெரியாது.

உங்களுக்குத் தெரியும். எழுதுங்கோ.

உங்கடை பெடியன்ரை அம்மா